கேப்டனின் இடது கண்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு வாரம் ஒரு கடற்கொள்ளைக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. நீளம் எண்பது அடி. சரி, எட்டு அடி. அதிலும் பாதி சோபா. மீதி, புது வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி. பாய்மரத்துக்கு ஒட்டடைக் கம்பு, பாய்க்கு ஓரம் கிழிந்த படுக்கை விரிப்பு, கப்பலைத் திருப்பும் சக்கரத்துக்கு ஓடாத மேசை விசிறியின் முன்பக்க வலை. ஏழு கடல்களையும் நடுங்க வைத்த கப்பல். எட்டாவது கடல் ஒன்று இருந்திருந்தால் அதுவும் நடுங்கியிருக்கும்.

அதை விளையாட்டுக்காகக் கட்டினோம் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள். இல்லை. ஒரு கண்ணுக்காகக் கட்டினோம்.

கண்ணுக்குச் சொந்தக்காரி என் அக்கா மகளின் மூத்த பெண். வயது ஏழு. அவளுக்கு ஒரு தம்பி, நாலு வயது, சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலே தெருமுனை வரை கேட்கும். அவனுக்குப் பீரங்கி என்று பெயர் வைத்தது நான்தான். இவர்கள் அப்பா லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கும் நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அம்மாவுக்குக் கூரியர் ஆபீசில் வேலை. ஆகவே பிள்ளைகள் என் தலையில். நான் கல்யாணம் செய்துகொள்ளாத கிழவன். அக்கா மகளுக்கு மாமா. பிள்ளைகளுக்கு மாமாவா தாத்தாவா என்ற வழக்கு தீராமல், கடைசியில் மாமாத்தா. நாற்பது வருஷம் கடைகளுக்குப் போர்டு எழுதினேன். ஏணி ஏற முழங்கால் ஒத்துழைக்காததால் ஓய்வு. நான் எழுதிய எழுத்தைப் படிக்கவென்றே விமானங்கள் தாழப் பறந்த காலம் உண்டு.

சரி, கண். அந்தப் பெண்ணுக்கு வலது கண் கெட்டிக்காரக் கண். இடது கண் சோம்பேறி. இரண்டு பேர் வேலை பார்க்கும் கடையில் ஒருத்தன் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தால் இன்னொருத்தன் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுவான் இல்லையா, அதே கதை. டாக்டரம்மா கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு டப்பா நிறைய ஒட்டும் பட்டைகள்.

"தினமும் ரெண்டு மணி நேரம் வலது கண்ணை மூடி ஒட்டுங்க. அந்த நேரத்துல கிட்டப் பார்த்துச் செய்யற வேலை ஏதாவது குடுங்க. எட்டு வாரம் கழிச்சு வாங்க. முன்னேற்றம் தெரியலைன்னா நல்ல கண்ணுல தினம் சொட்டு மருந்து விட்டு அதை மங்க வைக்கணும். வயசு ஏற ஏற அந்த இடது கண்ணு கத்துக்காதும்மா. இப்பதான் நேரம்."

சொட்டு மருந்து என்றதும் அக்கா மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பரிசோதனைக்காக அன்றைக்கு விட்ட ஒரே ஒரு சொட்டுக்கு அந்தப் பெண்ணை நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு மிச்சமிருந்த முன்பல் ஆட ஆரம்பித்தது அவளுடைய அந்த உதையில்தான். தினம் ஒரு சொட்டு என்றால் என் வாயில் எதுவும் தங்காது.

முதல் இரண்டு வாரம் பாழ். ஒட்டினால் அழுவாள், அழுதால் பசை விட்டுவிடும், பிய்த்தால் புருவ முடியோடு வரும், மறுபடி அழுவாள். பட்டைகளை ஃப்ரிட்ஜ் கதவில் கண்டுபிடித்தோம். பீரங்கியின் முட்டியில் கண்டுபிடித்தோம். ஒருநாள் நான் மதியத் தூக்கம் முடிந்து கடைக்குப் போய், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்த பிறகு, என் வழுக்கையில் கண்டுபிடித்தேன்.

"கிளாஸ்ல எல்லாரும் ஒத்தக்கண்ணின்னு கூப்பிடுவாங்க, எனக்கு வேணாம்," என்று அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்கா மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். "நாள் போயிட்டே இருக்கு மாமா. நான் என்னதான் பண்ணட்டும்?"

மறுநாள் காற்றில் என் குடை பின்பக்கமாக விரிந்து கம்பி எல்லாம் முறிந்தது. வீட்டுக்குள் வந்து அந்தக் கறுப்புத் துணியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கத்தரிக்கோலை எடுத்தேன். பழைய அரைக்கால் சட்டையிலிருந்து எலாஸ்டிக்கை உருவினேன். பத்து நிமிஷத்தில் கண்ணை மறைக்கும் கறுப்பு வில்லை ஒன்றைத் தைத்து, என் வலது கண்ணில் மாட்டிக்கொண்டு, அன்றைக்கும் அவள் ஒளிந்திருந்த கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"யாரது, என் கப்பல்ல ஒளிஞ்சிட்டு வந்தது?"

வெளியே நீட்டியிருந்த ஒரு கால் உள்ளே போனது. பிறகு, "எந்தக் கப்பல்?" என்று ஒரு குரல்.

"கட்டப் போற கப்பல். கேப்டன் வேலை காலி. ஒத்தக்கண்ணு இருக்கறவங்க மட்டும் விண்ணப்பிக்கலாம்."

"நானு! நானு!" என்று கூடத்திலிருந்து பீரங்கி வெடித்தது. "எனக்கு ரெண்டு கண்ணையும் மூடுங்க!"

தம்பி பதவியைத் தட்டிக்கொண்டு போவதை எந்த அக்கா பொறுப்பாள்? கட்டிலுக்கு அடியிலிருந்து தூசியோடு வெளியே வந்து நின்றாள்.

சட்டங்கள் அன்றைக்கே இயற்றப்பட்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலரையிலிருந்து ஆறரை வரை கப்பலில் எல்லோருக்கும் வலது கண் மூடியிருக்க வேண்டும். கேப்டனுக்கு மட்டும் டாக்டரம்மாவின் பட்டை உள்ளே, கறுப்பு வில்லை அதன்மேல், அதற்கும் மேல் கண்ணாடி. ஏனென்றால் கேப்டனுக்கு இரட்டைப் பாதுகாப்பு. எட்டிப் பார்த்தவர் இஸ்திரி மேசை மேல் நடந்து போய்க் கடலில், அதாவது மெத்தையில், குதிக்க வேண்டும். முதல் வாரத்தில் அதிகமாகக் குதித்தது நான்தான். ஒரு கண்ணால் டீ ஊற்றிப் பாருங்கள், தெரியும். கோப்பை இங்கே இருக்கிறது என்று நினைப்போம். அது பக்கத்து ஊரில் இருக்கும். வில்லையைக் கொஞ்சமாகத் தூக்குவேன். "மாமாத்தா எட்டிப் பார்த்தாச்சு!" என்று உடனே பீரங்கி முழங்கும்.

வேலை என்றால் அப்படி வேலை. கிட்டப் பார்த்துச் செய்யும் வேலைதானே டாக்டரம்மா கேட்டார்? காகிதக் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு, அலுமினியத் தாளை முறுக்கி நுழைத்துக் கொக்கிக் கை செய்தாள் கேப்டன். சமையலறைக் காகிதச் சுருளின் உள் அட்டையில் தொலைநோக்கி. செய்தித்தாளைச் சுருட்டி வாள். பீரங்கிக்கு ஒரு நாளைக்கு ஆறு வாள் செலவானது. ஜோடி தொலைந்த பச்சை சாக்ஸில் பஞ்சை அடைத்து, பொத்தான் கண் தைத்து, ஒரு கிளி. அந்தப் பொத்தானைத் தைக்க ஊசியில் நூல் கோர்க்க அவளுக்கு முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆனது. நூல் ஊசிக்கு வலப்பக்கம் போகும், இடப்பக்கம் போகும், ஊசிக் காதுக்குள் மட்டும் போகாது. நாக்கைத் துருத்திக்கொண்டு, மூக்குக்குப் பக்கத்தில் ஊசியை வைத்துக்கொண்டு, விடவில்லை. "குடு, நான் கோர்க்கறேன்," என்றதற்கு, "கேப்டன் வேலையில தலையிட்டா மெத்தைதான்," என்றாள். கெட்டியான டீயில் தாளை நனைத்துக் காயவைத்து, ஓரத்தைக் கிழித்துப் புதையல் வரைபடம் போட்டோம். சோடா மூடிகளுக்குத் தங்க வர்ணம் அடித்தோம். ஒரு லட்சம் மூடிகள். எண்ணினால் அறுபது வரும், அதற்காகவே நான் எண்ணவில்லை.

இதெல்லாம் நல்லது. நான் செய்த கோளாறு இனிமேல்தான் வருகிறது.

கப்பல் என்றால் ரகசியச் சொல் வேண்டும் என்று கேப்டன் உத்தரவு போட்டாள். எதிரி வந்தால் நம் ஆளா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு, மிச்சமிருந்த கறுப்பு பெயிண்ட்டில் எழுதினேன். மேலே பெரிதாக ஒரு ட. அதன் கீழே கொஞ்சம் சிறிதாக ப, ம. அதன் கீழே க, ய, ச. இப்படியே சிறுத்துச் சிறுத்து ஆறு வரி. கடைசி வரி எறும்புக் கால் கனம். கை தானாக ஓடியது. என் கற்பனையை நானே மெச்சிக்கொண்டேன். சுற்றிலும் அலை போட்டு, மண்டை ஓடு ஒன்று வரைந்து, நடைவழிச் சுவரில் மாட்டினேன். அக்கா மகள் சாயந்திரம் வந்து பார்த்து, "சுவத்துல ஆணி அடிச்சீங்களா? ஹவுஸ் ஓனர் பார்த்தா என்னைத்தான் கேப்பார்," என்றாள். அவ்வளவுதான்.

பிள்ளைகள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள். "ட! ப-ம! க-ய-ச!" என்று மாடிப்படி ஏறும்போது, சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது. கடைசி வரி வரும்போது பீரங்கி மூச்சு வாங்கிக்கொண்டு முழங்குவான். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் வழியில் நிறுத்தி, "உங்க வீட்டுல பசங்களுக்கு மந்திரம் சொல்லித் தர்றீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அப்புறம் எங்களிடம் சத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

எட்டாவது வாரம் முடிந்தது. நாங்கள் நாலு பேரும் பஸ் பிடித்துக் கண் டாக்டரிடம் போனோம். அக்கா மகள் அரை நாள் லீவு. அவள் முந்தின ராத்திரி தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. காத்திருக்கும் இடத்தில் என் பக்கம் சாய்ந்து, "ரெண்டு வரி படிச்சாக்கூடப் போதும் மாமா. ரெண்டு வரி," என்றாள். போன தடவை இடது கண்ணால் அந்தப் பெண் படித்தது முதல் எழுத்து மட்டும்தான்.

கதவு திறந்தது. உள்ளே போனோம். எதிர்ச் சுவரில் வெளிச்சப் பெட்டி. அதில் அட்டை.

மேலே பெரிதாக ஒரு ட. அதன் கீழே ப, ம. அதன் கீழே க, ய, ச.

அலையும் மண்டை ஓடும் மட்டும் இல்லை. நாற்பது வருஷம் போர்டு எழுதினவன் வேறு எப்படி இருப்பான்? ஒரு எழுத்துக் கூட்டத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்கார வைத்தால் அதை அப்படியே இடைவெளியோடு விழுங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பான். முதல் தடவை வந்தபோது விழுங்கியிருக்கிறேன். காலண்டர் அட்டையில் கக்கியிருக்கிறேன். அக்கா மகளுக்கு அது தெரியாமல் போனதில் அதிசயமில்லை. அன்றைக்கு அவள் அட்டையையே பார்க்கவில்லை, மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேப்டன் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண் பளபளவென்றிருந்தது. "மாமாத்தா," என்று காதோரம் கிசுகிசுத்தாள், "டாக்டர் ஆன்ட்டியும் நம்ம ஆளு!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளை நாற்காலியில் ஏற்றி, வலது கண்ணை மூடி, "மேலேருந்து தெரியற வரைக்கும் சொல்லு கண்ணு," என்றார் டாக்டரம்மா.

தெரிகிற வரைக்குமா? கேப்டன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ராணுவ வீரனைப்போல் ஆறு வரியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கடைசி வரிக்குப் பீரங்கி கூடச் சேர்ந்து முழங்கினான். டாக்டரம்மாவின் கையிலிருந்த குச்சி இரண்டாவது வரியில்தான் நின்றுகொண்டிருந்தது.

அக்கா மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "ஆறு வரி," என்றாள். "ஆறு வரி மாமா!" என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டு வாரத்துல இப்படியா? அப்படின்னா இனிமே மூடவே வேண்டியதில்லையே..." என்று சீட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

நான் வாழ்நாளில் எத்தனையோ புளுகு விட்டிருக்கிறேன். ஒன்றுகூட இவ்வளவு பெரிதில்லை, அதிலும் இதை நான் வாயே திறக்காமல் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஈரக் கன்னத்திலிருந்து கையை எடுப்பதைவிட, மூன்று மாடி ஏணியிலிருந்து தலைகீழாக விழுவது சுலபம். ஆனால் டாக்டரம்மாவின் பேனா மூடி திறந்துவிட்டது. பட்டை வேண்டாம் என்று எழுதிவிட்டால் அந்த இடது கண் மறுபடி நாற்காலியில் சாய்ந்து தூங்கப் போய்விடும்.

"டாக்டர், நிறுத்துங்க. அவ படிக்கல. இது எங்க கப்பலோட ரகசியச் சொல்."

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த பரிசோதனை எனக்குத்தான் என்று தெரிந்தது.

"மாமா," என்றாள் அக்கா மகள், கண்ணைத் துடைத்தபடி. "இன்னைக்கு ஒரு நாள் கதை விடாதீங்க, ப்ளீஸ்."

"கதை இல்லம்மா. நடையில மாட்டியிருக்கேனே, மண்டை ஓடு போட்ட போர்டு. அதுவும் இதுவும் ஒண்ணு. நான்தான் தெரியாம இதைப் பார்த்து எழுதிட்டேன்."

"எட்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்ததை எழுத்து மாறாம எழுதினீங்களாக்கும்? விமானம் தாழப் பறந்த மாதிரியா?"

நல்ல நாளில் நான் அளந்துவிட்டதெல்லாம் இப்போது கும்பலாக வந்து என் வாயை அடைத்தது. என்ன சொல்லி நம்ப வைப்பது? கடைசியில் டாக்டரம்மாவிடமே திரும்பினேன். "நீங்களே பாருங்க. ரெண்டு கண்ணையும் மூடிட்டுக் கேளுங்க."

டாக்டரம்மா எழுந்து வந்தார். இரண்டு உள்ளங்கையாலும் கேப்டனின் கண்களைப் பொத்தினார். "இப்ப சொல்லு."

"ட! ப-ம! க-ய-ச!" ஆறு வரியும் வந்தது. ஓர் எழுத்து பிசகவில்லை.

அக்கா மகள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். என் கையை விட்டுவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்; தரையைத்தான் பார்த்தாள்.

கேப்டனுக்குத்தான் ஆத்திரம். "ரகசியத்தைப் போய்ச் சொல்லிட்டீங்களே மாமாத்தா! உங்களுக்கு மெத்தை! நூறு தடவை மெத்தை!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை எங்கேயோ மடித்து வைத்தது போலிருந்தது. "பசங்க மனப்பாடம் பண்றது புதுசில்ல சார். போர்டே எழுதி மாட்டின வீட்டை இப்பதான் பார்க்கறேன்," என்று சொல்லிக்கொண்டே வெளிச்சப் பெட்டியிலிருந்து அட்டையை உருவித் திருப்பிச் செருகினார். பின்பக்கம் வேறு எழுத்துகள். "கேப்டன், இது எதிரி கப்பலோட ரகசியம். யாரும் படிச்சதில்ல. உன்னால முடியுமா?"

கேப்டன் என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பினாள். வலது கண் மூடியிருந்தது. கழுத்தை முன்னால் நீட்டினாள்.

"ந," என்றாள்.

அது முதல் வரி. அது போன தடவையும் தெரிந்த அளவுதான். அக்கா மகள் தலையைத் தூக்கவில்லை.

"வ... ல."

இரண்டாவது வரி.

இப்போது பாட்டு இல்லை, வேகம் இல்லை. நாக்கு வெளியே வந்தது. ஊசியில் நூல் கோர்க்கும்போது வருமே, அதே நாக்கு. "ப. இல்ல இல்ல, இருங்க. அதுல வளைவு இருக்கு. ம. அப்புறம் ர. அப்புறம்... த."

மூன்று. டாக்டரம்மாவின் குச்சி இறங்கியது.

"க. ட. ச... இது... இது ஞவா? ஞ."

"நாலாவது வரி முழுசும்," என்றார் டாக்டரம்மா, தனக்குள் சொல்வதுபோல்.

ஐந்தாவது வரியில் இரண்டு எழுத்து சொன்னாள், ஒன்று தப்பு. பிறகு நாற்காலியில் சாய்ந்து, "மீதி எல்லாம் எறும்பு," என்றாள்.

"எறும்பாவே இருக்கட்டும்." டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். "ஒரு வரியிலேருந்து நாலு வரி. நல்லா ஏறியிருக்கும்மா, ரொம்ப நல்லா. கண்ணு கத்துக்குது. சொட்டு மருந்து வேண்டாம். இதே மாதிரி தினம் ரெண்டு மணி நேரம், இன்னும் மூணு மாசம். அப்புறம் பார்க்கலாம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன வேலை குடுத்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா மகள் முந்திக்கொண்டாள். "வேண்டாம் மாமா. நான் சொல்றேன். நீங்க சொன்னா கப்பல் இந்த ரூமுக்குள்ள அடங்காது."

அவள் சொன்னாள். குடைத் துணி, கொக்கிக் கை, சாக்ஸ் கிளி, பொத்தான், டீயில் நனைத்த தாள். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. வேலையிலிருந்து களைத்து வந்து எதையும் கவனிக்காதவள் என்று நினைத்திருந்தேன். கிளியின் இடது பொத்தான் கொஞ்சம் தொங்குவதுவரை சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. ஒருமுறை வந்ததும் நிற்கவில்லை. டாக்டரம்மா மடித்து வைத்திருந்ததும் அவிழ்ந்துவிட்டது. காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் அக்கா மகள் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "உயிரே போய்ட்டு வந்தது. போர்டாம் போர்டு."

"வலிக்குது."

"வலிக்கட்டும்." இன்னோர் அடி. "உண்மையைச் சொன்னீங்களே, அதுக்கு." அது அடி மாதிரியே இல்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. அக்கா மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டாவது நிறுத்தம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். சாதாரணத் தூக்கம் இல்லை. எட்டு வாரத் தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைப்பை நழுவியது, கேப்டன் அதை எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். பீரங்கி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கேப்டன் அவன் வாயைப் பொத்தினாள். ஆச்சரியம், வெடிக்கவில்லை.

எங்கள் நிறுத்தம் வந்தது. கேப்டன் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததும் போனது. தோள் மரத்துப்போய்க் கட்டையாகிவிட்டது, நான் அசையவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். கண்டக்டர் எங்கள் பக்கம் வந்தார். "பெரியவரே, வண்டி இதுக்கு மேல போகாது. இறங்குங்க."

"திரும்பி இதே வழியாத்தானே போகும்?" என்றேன், மூச்சுக் காற்றில்.

"பத்து நிமிஷத்துல கிளம்பும்."

"அப்படின்னா எங்களுக்கு டிக்கெட் குடுங்க. கொஞ்சம் மெதுவாக் கிழிங்க."